ருஷ்யக் கதைகளை எழுதியவரின் வாழ்க்கையோடு சேர்த்து வாசிப்பது எப்படி?

ருஷ்ய எழுத்தாளர் செகாவ் சிங்கப்பூருக்கு வந்திருக்கிறார். 1890-இல், தண்டனைக் கைதிகளை அனுப்பி வைக்கும் சகலின் தீவுக்குப் போய், மூன்று மாதம் அங்கே தங்கி, வீடு வீடாக நுழைந்து கணக்கெடுத்துவிட்டு, ஹாங்காங், சிங்கப்பூர், கொழும்பு வழியாகக் கப்பலிலேயே ஒடெசா திரும்பினார். அந்த டிசம்பரில் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் நம் ஊருக்குக் கிடைத்த இடம் ரொம்பக் கொஞ்சம். சிங்கப்பூர் சரியாக நினைவில்லை, ஊரைச் சுற்றி வந்தபோது என்னவோ மனசு கனத்துப்போய் அழுகை வராத குறை என்கிறார், அவ்வளவுதான். ஆனால் அதற்குச் சற்று முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது. சிங்கப்பூருக்கு வரும் வழியில் கப்பலில் இறந்துபோன இருவரைக் கடலில் போட்டிருக்கிறார்கள். கித்தான் துணியில் சுற்றிய உடல் குட்டிக்கரணம் அடித்துத் தண்ணீரில் விழுவதைப் பார்த்து, தரை பல மைல் கீழே இருக்கிறது என்பதும் நினைவுக்கு வந்தால், நாமும் செத்து இப்படித்தான் கடலுக்குள் போவோமோ என்று பயம் பிடித்துக்கொள்கிறது என்று எழுதுகிறார்.

அந்த டிசம்பர் மாதமே 'கூசெவ்' என்ற கதை வெளியானது. கீழே கொழும்பு என்று இடம் போட்டிருந்தது. கீழைக் கடற்கரையில் வேலை முடித்து ஊர் திரும்பும் ஒரு சிப்பாய், காசநோய் முற்றி, கப்பலின் மருத்துவ அறையில் இறந்து, கித்தானில் தைக்கப்பட்டுக் கடலில் போடப்படும் கதை.

தொடக்கக் கல்லூரியில் இலக்கியம் எடுத்திருக்கும் பிள்ளைகளும், நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்புக் குழுக்காரர்களும் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் பத்தியில் எழுத்தாளரின் பிறப்பு, சிறை, நோய், மரணம். அடுத்த பத்தியில் கதையின் கருப்பொருள். இரண்டுக்கும் நடுவே 'எனவே' என்று ஒரு சொல் நிற்கும், பாவம் அது எந்தப் பாரத்தையும் தாங்காது. வாழ்க்கை கதைக்குள் வருவது உண்மைதான், ஆனால் அது வந்த வழியில் எங்கே மாறியது என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் நாம் எதையும் சொன்னதாக ஆகாது. கீழே சொல்வதெல்லாம் அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வழிதான்.

முதலில் கதையை மட்டும் படியுங்கள். முன்னுரை வேண்டாம், விக்கிப்பீடியா வேண்டாம், பின்னட்டைகூட வேண்டாம். படித்துக்கொண்டே போகும்போது, எழுதுகிறவரின் குரல் மாறுகிற இடம் வந்தால் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள் (நூலகப் புத்தகம் என்றால் ஒட்டுத்தாள்). 'கூசெவ்' கதையில் அந்த இடத்தைத் தவறவிடவே முடியாது. கூசெவ் இரண்டு நாள் தூங்குகிறான், மூன்றாம் நாள் நண்பகலில் மேலிருந்து இரண்டு மாலுமிகள் வந்து அவனை அறையிலிருந்து தூக்கிப் போகிறார்கள். செத்தான் என்ற சொல்லே கிடையாது. கித்தானில் வைத்துத் தைத்த பிறகு அவன் பார்க்க ஒரு கேரட் மாதிரி, முள்ளங்கி மாதிரி இருக்கிறான், தலைப்பக்கம் அகலம், கால்பக்கம் ஒடுக்கம். ஒரு மரணச் சான்றிதழ் எழுதுகிற டாக்டர் எவ்வளவு உணர்ச்சி காட்டுவாரோ அவ்வளவுதான் அங்கே. அப்புறம் உடல் தண்ணீருக்குள் இறங்குகிறது, சுறா வருகிறது. மேலே வானத்தில் மேகங்கள் வெற்றி வளைவு போல, சிங்கம் போல, கத்தரிக்கோல் போல உருவெடுக்கின்றன, பச்சையும் ஊதாவும் பொன்னுமாக வெளிச்சம் விரிகிறது, கடலும் அந்த நிறங்களை வாங்கிக்கொள்கிறது. ஒரே பக்கத்தில் குரல் எங்கிருந்து எங்கே போய்விட்டது பாருங்கள்.

சரி, இப்போது கடிதத்தை எடுங்கள். கடிதத்தில் இருந்த பயம் கதையில் எங்கே போனது? அங்கேதான் இருக்கிறது, ஆனால் ஆள் மாறியிருக்கிறது. சாக பயமா என்று கூட இருக்கும் சிப்பாய் கேட்கும்போது கூசெவ், பயம்தான், வீட்டுக் காரியங்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது, அண்ணன் தம்பி என்று இருப்பவன் குடிகாரன், பெண்டாட்டியை அடிக்கிறவன், நான் இல்லாவிட்டால் எல்லாம் பாழ் என்கிறான். செகாவின் பயம் ஒரு குடியானவனிடம் போனதும் நிலத்தையும் வீட்டையும் பற்றிய கவலையாக ஆகிவிட்டது. உடலைக் கடலில் போடுவதற்குச் சற்று முன் கதைசொல்லி தன் குரலில் ஒன்று கேட்கிறார்: இது எவனுக்கும் நடக்கக்கூடிய ஒன்றுதானா? கடிதத்தில் 'நான்' இருந்த இடத்தில் கதையில் 'எவனும்' நிற்கிறான். செகாவ் 1884 முதலே இருமலில் ரத்தத்தைப் பார்த்தவர், தானே டாக்டர், ஆனாலும் 1897 வரை முறையாகத் தன்னைச் சோதித்துக்கொள்ளவில்லை. தன் நோயைப் பற்றி நேராகப் பேசாத அந்தப் பழக்கமே கதையின் தொனியாக ஆகியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 1889-இல் எழுதிய இன்னொரு கடிதத்தையும் பாருங்கள். பண்ணையடிமையின் வழிவந்த ஒரு இளைஞன், கடையில் நின்றவன், பலமுறை அடிவாங்கியவன், தனக்குள் இருக்கும் அடிமையைச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து வெளியேற்றுவதைப் பற்றிக் கதை எழுதுங்கள் என்று சுவோரினிடம் சொல்கிறார். அது அவருடைய கதைதான், தாத்தா பண்ணையடிமையாக இருந்து பணம் கட்டி விடுதலை வாங்கியவர், அப்பா மளிகைக் கடைக்காரர், பிள்ளைகளை அடிக்கிறவர். கடிதத்தில்கூடத் தன்னை 'ஒரு இளைஞன்' என்று தள்ளி நிறுத்தித்தான் சொல்கிறார். குரலை இவ்வளவு அடக்கி எழுதுவது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு கடிதங்களையும் கையில் கொடுத்துவிடலாம்.

ஆகவே வாழ்க்கை வரலாற்றைவிடக் கடிதமும் நாட்குறிப்பும் மேல். வரலாறு எழுதுகிறவர் ஏற்கெனவே கதைகளைப் படித்துவிட்டு அதற்கு ஏற்ற வாழ்க்கையைத் தேடியிருப்பார், கடிதத்தில் அந்தச் சிக்கல் குறைவு. செகாவின் கடிதங்கள் கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் கூட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் படிக்க வேண்டுமென்றால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் தேடுங்கள், இல்லாவிட்டால் கிளை நூலகத்துக்கு வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள். எம்.ஏ. சுசீலா மொழிபெயர்த்த 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' இரண்டும் தமிழ் வாசகர்கள் தஸ்தயேவ்ஸ்கிக்குள் நுழைய நல்ல வாசல்கள். தேதிகளைக் குறிக்கும்போது ஒரு கவனம் வேண்டும்: ருஷ்யாவின் பழைய நாட்காட்டி 19-ஆம் நூற்றாண்டில் நம்முடையதைவிட 12 நாள் பின்னால் இருந்தது, ஒரு புத்தகத்தில் டிசம்பர் 1849 என்றும் இன்னொன்றில் ஜனவரி 1850 என்றும் இருந்தால் இரண்டும் ஒரே நாளாக இருக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. சகலின் என்றதும் நமக்கு எங்கோ பனியில் கிடக்கும் தீவு என்றுதான் தோன்றும். ஆனால் 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரும் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் ஊராகத்தான் இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்தது, அவர்களுடைய சிறை பிராஸ் பாசாவில் இருந்தது, இன்றைய தேசிய நூலகத்திலிருந்து நடந்துபோகிற தூரம். செகாவ் இங்கே வந்தபோது அது மூடி 17 வருடம்தான் ஆகியிருந்தது. சகலின் பற்றி அவர் எழுதிய நூலைப் படிக்க இதைவிட நெருக்கமான ஊர் வேறு எது?

தேதிகளைக் குறித்தபின் பார்க்க வேண்டியது இடைவெளி. நடந்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் எத்தனை வருடம்? தஸ்தயேவ்ஸ்கியை 1849 டிசம்பரில் செம்யோனவ்ஸ்கி சதுக்கத்தில் சுட்டுக்கொல்ல நிறுத்தி, கடைசி நிமிடத்தில் தண்டனையைக் குறைத்து சைபீரியாவுக்கு அனுப்பியது எல்லோருக்கும் தெரிந்த கதை. அன்றைக்கே அண்ணன் மிகயிலுக்கு எழுதிய கடிதத்தில் ஒரே ஆனந்தம், வாழ்க்கை ஒரு கொடை, ஒவ்வொரு நிமிடமும் இனி ஒரு யுகமாக இருக்கலாம் என்று பொங்குகிறார். 19 வருடம் கழித்து 'அசடன்' எழுதுகிறார். அதில் இளவரசர் மிஷ்கின், ஒரு வீட்டு வரவேற்பறையில் பெண்களிடம், தனக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்ததாக அதே சம்பவத்தைச் சொல்கிறார். உயிர் திரும்பக் கிடைத்தால் ஒரு நிமிடத்தையும் வீணாக்க மாட்டேன் என்று அந்த ஆள் நினைத்தானாம். அப்புறம் என்ன செய்தார் என்று அந்தப் பெண்களில் ஒருத்தி கேட்கிறாள். நானே அவரிடம் கேட்டேன், அப்படியெல்லாம் வாழவில்லை, நிறைய நிமிடங்களை வீணாக்கிவிட்டார் என்கிறார் மிஷ்கின். அந்தப் பதிலை 1849-இல் எழுதியிருக்கவே முடியாது. அதற்குள் நான்கு வருடம் ஓம்ஸ்க் சிறை, பட்டாளம், முதல் மனைவியின் சாவு, அண்ணனின் சாவு, கடன், சூதாட்டம் எல்லாம் கடந்துபோயிருந்தன. சம்பவம் கருப்பொருளைக் கொடுத்தது, இடைப்பட்ட வருடங்கள் தொனியைக் கொடுத்தன. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே உங்கள் கட்டுரை பாதி தேறிவிடும்.

இடைவெளி குறைவாக இருந்தால் என்ன ஆகும்? அதே தஸ்தயேவ்ஸ்கிதான் அதற்கும் உதாரணம். 1878 மே மாதம் அவருடைய கடைசிப் பிள்ளை அலியோஷா வலிப்பு வந்து இறந்துபோனான், மூன்று வயதுகூட முழுசாக நிரம்பவில்லை. வலிப்பு அப்பாவிடமிருந்து வந்த நோய். அடுத்த மாதமே அவர் ஆப்டினா மடத்துக்குப் போய்ப் பெரியவர் அம்வ்ரோசியைப் பார்த்தார். மறுவருடம் 'கரமாஸவ் சகோதரர்கள்' தொடராக வரத் தொடங்கியது. அதன் ஆரம்பப் பகுதியில், துறவி சொசிமாவைப் பார்க்க வரும் ஏழைப் பெண்களில் ஒருத்தி, வண்டிக்காரன் மனைவி, பிள்ளையைப் பறிகொடுத்தவள். மூன்று வயதுக்கு மூன்று மாதம் குறைவு என்கிறாள். பெயர் கேட்டால் அலெக்சி என்கிறாள். அவன் பிஞ்சுக் கால் தரையில் டப்டப்பென்று ஓடும் சத்தத்தை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், மூலையில் ஒளிந்து நின்றுகூடப் பார்த்துக்கொள்வேன் என்று புலம்பி, மார்புத்துணிக்குள்ளிருந்து பிள்ளையின் சின்ன இடுப்புக் கச்சையை எடுத்துக் காட்டி, அதைப் பார்த்ததுமே உடைந்து அழுகிறாள். தமிழில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஒப்பாரிதான் அது, அதே இழுப்பு, அதே திரும்பத் திரும்பச் சொல்லல். நாவல் முழுக்க வளவளவென்று பேசிக்கொண்டு, ஊர் வம்பு சொல்லிக்கொண்டு வரும் கதைசொல்லி அந்த இரண்டு மூன்று பக்கம் குறுக்கே வருவதே இல்லை. சொசிமா முதலில் சமயப் புத்தக ஆறுதல் ஒன்றைச் சொல்கிறார், அது எடுபடவில்லை. பிறகு, ஆறுதல் அடைய வேண்டாம், அழு என்கிறார்.

இதைப் படித்துவிட்டு, ஆக அந்தத் தாய்தான் தஸ்தயேவ்ஸ்கி என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். அவர் தன் துக்கத்தை எத்தனை பங்காகப் பிரித்திருக்கிறார் என்று பாருங்கள். துக்கம் அந்த ஏழைத் தாய்க்கு. பிள்ளையின் பெயர் கதையின் நல்லவனுக்கு, அலியோஷா கரமாஸவுக்கு. பிள்ளையைக் கொன்ற நோய் யாருக்கு? வலிப்புக்காரன் ஸ்மெர்டியாகவுக்கு, அதாவது தன் தகப்பன் என்று ஊர் பேசிக்கொள்ளும் ஆளைக் கொல்கிற கொலைகாரனுக்கு. தகப்பன் பிள்ளைக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போகிறான், அதற்கு யார் பதில் சொல்வது என்ற கேள்விதான் அந்த நாவலின் முதுகெலும்பு. அந்தக் கேள்வியை 1878 மே மாதத்தோடு சேர்த்து வாசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. இது என் வாசிப்பு, ஆதாரம் என்று தூக்கிக் காட்ட அவருடைய வாக்குமூலம் எதுவும் என் கையில் இல்லை, கதையில் பங்குபோட்டிருக்கும் விதம்தான் இருக்கிறது. உங்கள் வாசிப்பையும் இப்படியே சொல்லுங்கள், எது நடந்தது, எது உங்கள் ஊகம் என்று பிரித்து.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரு முக்கியமான சோதனையை மறந்துவிடக் கூடாது. அதே வாழ்க்கையை வாழ்ந்த இன்னொருவர் வேறு மாதிரி எழுதியிருக்கிறாரா? சோல்செனிட்சினும் ஷலாமவும் ஸ்டாலின் காலத்து முகாம்களில் கிடந்தவர்கள். சோல்செனிட்சின் எகிபஸ்துஸ் முகாமில் கொத்தனார் வேலை செய்தவர். அவருடைய இவான் டெனிசோவிச் கடும் பனியில் சுவர் கட்டுகிறான், வேலை முடியும் நேரம் வந்தும் கலவையை வீணாக்க மனமில்லாமல் கட்டிக்கொண்டே இருக்கிறான், காவலர்கள் நாயை ஏவினாலும் சரி என்று பின்னால் போய் நின்று சுவர் நேராக இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் அளந்து பார்த்துவிட்டுத்தான் ஓடுகிறான். வேலை அவனுக்கு மானம். ஷலாமவ் ருஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் கொலிமா முகாம்களில் பல வருடம் கிடந்தவர். அவருடைய 'தச்சர்கள்' கதையில், துப்பினால் எச்சில் காற்றிலேயே உறைகிற குளிரில், கோடரி பிடித்தே பழகாத இரண்டு பேர் தங்களைத் தச்சர்கள் என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்குள் நுழைகிறார்கள். கணப்பு இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். பொய் உடனே தெரிந்துவிடுகிறது, ஆனாலும் இரண்டு நாள் குளிர்காய விடுகிறார்கள். அதற்குள் குளிர் குறைந்து பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கு வந்துவிடுகிறது, குளிர்காலம் முடியப்போகிறது என்று கதை நின்றுவிடுகிறது. இங்கே வேலையில் மானமும் இல்லை, ஒன்றும் இல்லை. முகாம் யாருக்கும் எந்த நன்மையும் செய்யாது என்பது ஷலாமவின் உறுதியான நிலைப்பாடு. ஒரே நாட்டின் ஒரே கொடுமை, இரண்டு குரல். ஆகவே 'முகாமில் இருந்தார், அதனால் கதை இருண்டது' என்கிற மாதிரி வாக்கியத்தை எழுதினால், அந்த வாக்கியத்தை இந்த இரண்டு பேருக்கும் போட்டுப் பாருங்கள், ஒருவரிடம் உடைந்துவிடும்.

பணமும் தணிக்கையும் வாழ்க்கைதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தஸ்தயேவ்ஸ்கி 1866-இல் ஒரு பதிப்பாளரின் கொடூரமான ஒப்பந்தத்துக்குப் பயந்து 'சூதாடி'யைச் சுருக்கெழுத்துக்காரப் பெண்ணிடம் 26 நாளில் சொல்லி முடித்தார், அந்தப் பெண் அன்னாவைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டார். டால்ஸ்டாய்க்கு நிலம் இருந்தது, திரும்பத் திரும்பத் திருத்தி எழுத நேரம் இருந்தது. ஒருவருடைய பக்கத்தில் மூச்சு வாங்குவதும் இன்னொருவருடைய பக்கத்தில் நிதானம் இருப்பதும் இதனாலும்தான். சோல்செனிட்சினின் கதை 1962-இல் சோவியத் தலைவர் குருஷ்சேவின் சம்மதத்தோடு அச்சானது, ஷலாமவின் கொலிமா கதைகளோ அவர் 1982-இல் சாகும்வரை சொந்த நாட்டில் புத்தகமாக வரவில்லை.

பாத்திரம் பேசுவதையெல்லாம் ஆசிரியர் தலையில் கட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அதற்கு ஒரு நல்ல மருந்து, ஒரே விஷயத்தை அவர் கதையிலும் தன்வரலாற்றிலும் எழுதியிருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது. 'அன்னா கரீனினா' முடியும் இடத்தில் லெவின், தூக்குப் போட்டுக்கொண்டுவிடுவோமோ என்று கயிற்றை ஒளித்து வைக்கிறான், துப்பாக்கியோடு வெளியே போகப் பயப்படுகிறான். டால்ஸ்டாய் சில வருடம் கழித்துத் தன்னைப் பற்றி எழுதிய வாக்குமூலத்திலும் அதே கயிறு, அதே துப்பாக்கி. ஆனால் நாவலில் அது ஓரிரு வரியில் முடிந்து, அவன் தற்கொலை செய்துகொள்ளாமல் தொடர்ந்து வாழ்ந்தான் என்று நகர்ந்துவிடுகிறது, விவசாயமும் குழந்தையும் தேனீ வளர்ப்பும் அவனை இழுத்துக்கொண்டு போகின்றன. வாக்குமூலத்தில் அந்தக் கயிற்றுக்கு முன்னும் பின்னும் பக்கம் பக்கமாகக் கேள்வி. நாவலாசிரியர் லெவினுக்குக் கொடுத்த வீட்டுச் சந்தடியை, தன்னைப் பற்றி எழுதும்போது தனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை.

எழுதும்போது 'காசநோய் இருந்தது, ஆகவே சோகம்' என்ற மாதிரி ஒரு சொல்லில் பாலம் கட்டாமல், கதையின் ஒரு குறிப்பிட்ட வரியில் தொடங்குங்கள். உதாரணத்துக்கு இப்படி: கூசெவின் மரணம் மரணம் என்று சொல்லப்படுவதே இல்லை, கடிதத்தில் தன் பயத்தை வெளிப்படையாகச் சொன்ன செகாவ் கதையில் அதை ஒரு குடியானவனின் வீட்டுக் கவலையாக மாற்றிவிடுகிறார், அதனால் பரிதாபப்பட வேண்டிய வேலை எழுத்தாளரிடமிருந்து வாசகரிடம் வந்துவிடுகிறது. மூன்று பகுதி. கதையின் வரி, வாழ்க்கையில் அதற்கு ஈடான வரி, இரண்டுக்கும் நடுவில் நடந்த மாற்றம் தொனியை என்ன செய்தது என்பது. தேர்வுக்கு எழுதினாலும் வாசிப்புக் குழுவில் பேசினாலும் இந்த மூன்றும் இருந்தால் யாரும் உங்களை மடக்க முடியாது.

கையோடு பழகிப் பார்க்க துர்கனேவின் 'முமு' நல்ல கதை, எம்ஆர்டியில் பூன் லேயிலிருந்து பாசிர் ரிஸ் போகிற நேரத்தில் முடித்துவிடலாம். செவிடும் ஊமையுமான பண்ணையடிமை கெராசிம், எஜமானியின் உத்தரவுக்காகத் தன் நாயைத் தண்ணீரில் மூழ்கடிக்கிறான், பிறகு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரிடமும் கேட்காமல் தன் கிராமத்துக்கு நடந்தே போய்விடுகிறான். படித்து முடித்த பிறகு இந்த விவரங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த எஜமானி துர்கனேவின் தாய் வர்வாரா பெத்ரோவ்னாவைப் பார்த்து எழுதப்பட்டவர், அவர் 1850-இல் இறந்துவிட்டார். துர்கனேவ் இந்தக் கதையை எழுதியது 1852-இல், எழுத்தாளர் கோகலுக்கு இரங்கல் எழுதியதற்காகக் கைதாகிக் காவலில் இருந்தபோது. பண்ணையடிமை முறை ஒழிய இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. அவர்கள் வீட்டில் ஆந்த்ரேய் என்று நிஜமாகவே ஒரு ஊமைப் பணியாளர் இருந்தார், ஆனால் அவர் எங்கேயும் போகவில்லை, எஜமானியிடமே கடைசிவரை இருந்தார். இப்போது கதையின் கடைசி இரண்டு பக்கத்துக்குத் திரும்பிப் போய், கெராசிம் நடக்கிற அந்த இரவில் குரல் எப்படி மாறுகிறது என்று பார்த்து, ஒரு பத்தி எழுதுங்கள்.